ஓரக்குறி இல்லாத பத்தி

ஜூன் 3, திங்கள்

வேலை வந்திருக்கிறது. சாத்தூரிலிருந்து ராஜவேல் என்பவர் காலையில் பேசினார். ஆகஸ்ட் பதினெட்டோடு அவர் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அன்றைக்கு வெளியிட ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டும். அப்பாவின் பெயர் சங்கரபாண்டியன். நான்கு பேருந்துகளுக்கு முதலாளி. “நீங்க எழுதின மில்காரர் புத்தகத்தப் படிச்சு அழுதுட்டேன் மேடம்” என்றார். மில்காரர் புத்தகத்தில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. சரி என்றேன்.

பதினாறு மாதங்களாக நான் யாருக்கும் சரி என்று சொன்னதில்லை. கேட்டவர்களிடம் முதுகுவலி என்றேன். முதுகு வலிக்கவும் செய்தது.

பிறர் வாழ்க்கையை எழுதிக் கொடுப்பது என் தொழில். மணிவிழா மலர், பள்ளி நூற்றாண்டு மலர், நினைவு நூல் என்று இதுவரை பத்தொன்பது. எதிலும் என் பெயர் இருக்காது. அதுதான் பேச்சு. நாற்பத்தெட்டு வயதில் வேறு வேலை தேட முடியாது. இந்தப் புத்தகத்தை முடிக்கவில்லை என்றால் இனி எதையும் முடிக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். இங்கே ஒருமுறை எழுதிவைத்துவிட்டேன். இனி அதையே யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கை பழக வேண்டும் என்பதற்காக மட்டும் இந்த நோட்டு.

ஜூன் 5, புதன்

விருதுநகரிலிருந்து எட்டரை மணிப் பேருந்து. சாத்தூர் போய்ச் சேர்வதற்குள் இடது கன்னம் காந்திவிட்டது. எந்தப் பக்கம் உட்காருவது என்று பார்த்து ஏறும் பழக்கம் எனக்கு இல்லை.

பெரிய வீடு. வரவேற்பறையில் ஆளுயரப் படம், அதன் மேல் விட்டுவிட்டு எரியும் மின்விளக்கு மாலை. ராஜவேலுக்கு நாற்பத்து மூன்று இருக்கும். தங்கை செல்வராணி கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். தங்கள் சம்பந்தி வீட்டார் போட்ட நினைவு நூல் ஒன்றை ராஜவேல் எடுத்துக் காட்டினார்.

“இது நூத்திப் பன்னெண்டு பக்கம் மேடம். நம்மளது கொஞ்சம் கூட இருந்தா நல்லாருக்கும்.”

“அண்ணே, பக்கத்தக் கூட்டணும்னா எழுத்தப் பெருசாப் போட்டாப் போதும்” என்றாள் செல்வராணி.

“நீ சும்மா இரு. மேடத்துக்குத் தெரியும்.”

அவர்களுடைய அம்மா தனபாக்கியம் கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். ஒலிப்பதிவுக் கருவியை அவர் பக்கம் வைத்து, “ஐயாவைப் பத்திச் சொல்லுங்கம்மா” என்றேன்.

“புள்ளைக சொல்லுவாக” என்றார்.

“நீங்க சொன்னாத்தானே நல்லாருக்கும்.”

“டைம் தவற மாட்டாக. அத எழுதிக்கோ.”

அவ்வளவுதான் கிடைத்தது.

ஜூன் 6, வியாழன்

எழுத உட்கார்ந்தேன். எழுந்து கோதுமை ரவை சலித்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

மறுபடியும் சாத்தூர். சங்கரபாண்டியனிடம் முப்பது வருடம் ஓட்டிய டிரைவர் சுடலைமணியை வரவழைத்திருந்தார்கள். நல்ல பேச்சுக்காரர். அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

“மொதலாளிக்கு நேரம்னா நேரம். ஒரு தடவ ஏழு பத்து வண்டியில மொதலாளி ஏறி உக்காந்தாச்சு. அவுக பொஞ்சாதி, இந்தா இருக்காகளே, கையில பிள்ளையோட ஸ்டாப்புக்கு ஓடி வாராக. நூறு அடி இருக்கும். நான் கண்ணாடியில பாத்துட்டேன். ‘மொதலாளி, அம்மா வாராக’ன்னேன். ‘மணி என்ன?’ன்னாக. ‘ஏழு பத்து’ன்னேன். ‘எடு’ன்னாக. எடுத்துட்டேன்.”

ராஜவேலும் செல்வராணியும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பலமுறை கேட்ட கதை போலிருக்கிறது. “அந்தக் கையில இருந்த பிள்ள நான்தான் மேடம்” என்று ராஜவேல் சேர்த்துக்கொண்டார்.

தனபாக்கியம் அம்மாவைப் பார்த்தேன். “நெசந்தான். பொறத்தால வந்த வண்டியில போனேன்” என்றார். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கையால் எழுதி எடுக்கிறேன். எப்போதும் இப்படித்தான். வரைவில் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே, ஓரத்தில், யார் சொன்னது, எந்தப் பதிவு என்று பென்சிலால் குறிப்பேன். சு.3 என்றால் சுடலைமணி, மூன்றாவது பதிவு. குறி இல்லாத பத்தி என் புத்தகத்தில் கிடையாது. வரலாற்றில் முதுகலை படித்து, ஆய்வைப் பாதியில் விட்டவள் நான். படிப்பிலிருந்து மிச்சம் இது ஒன்றுதான். பத்தொன்பது புத்தகங்களில் ஒரு வரிகூட நானாகச் சேர்த்ததில்லை. குடும்பத்தார் சேர்க்கச் சொன்ன பொய்களையும் இன்னார் சொன்னார் என்று எழுதித்தான் சேர்த்திருக்கிறேன்.

சிவகாசி அச்சகத்துக்குப் பேசினேன். பக்க வடிவமைப்பும் மெய்ப்பும் பார்க்க இப்போது நிவேதா என்று ஒரு பெண் இருக்கிறாளாம். பழைய ஆள் ஞானராஜ் போன வருடம் பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

ஜூன் 19, புதன்

ஒன்றும் எழுதவில்லை. எரிவாயு உருளை வந்தது. கீழ் வீட்டு அம்மா வெண்டைக்காய் கொடுத்தனுப்பினார், பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “முன்னெல்லாம் வாரத்துல ரெண்டு நாளு சிவகாசி போவீங்களே. இப்பப் போறதே இல்லையே?” என்று கேட்டார்.

“இப்பல்லாம் எல்லாம் மெயில்ல அனுப்பிடலாம்.”

“அதுவும் நல்லதுதான். அலைச்சல் மிச்சம்.”

ஆமாம் என்றேன்.

ஜூன் 22, சனி

முதல் மூன்று அத்தியாயங்கள். எல்லாம் சரியாக இருக்கின்றன. பிறப்பு, படிப்பு, லாரி கிளீனர், முதல் வண்டி. வாசித்தால் மின்வாரிய அறிவிப்பு மாதிரி இருக்கிறது. இந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ. பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மில்காரரையும் பிடிக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

எழுத வந்துவிட்டது.

மதியம் இரண்டு மணிக்கு ஐந்தாம் அத்தியாயத்தில் உட்கார்ந்தேன், இல்லறம் பற்றியது. தனபாக்கியம் அம்மா கொடுத்தது ஒரே வரி. பிள்ளைகள் கொடுத்தது பண்டிகைகளும் பட்டுப்புடவையும். இதை வைத்து நான்கு பக்கம் எழுதுவதே பாடு என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது ஆறு மணி. பதினொரு பக்கம். நடுவில் எழுந்த ஞாபகம் இல்லை. அடுப்பில் வைத்திருந்த பயறு கருகி வாடை கூடம் முழுக்கப் பரவியிருந்தது, அதுகூடத் தெரியவில்லை.

பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன். எழுதிவைக்க வேண்டிய அளவுக்கு.

ஜூலை 4, வியாழன்

முழு வரைவையும் முந்தாநாள் ராஜவேலுக்கு அனுப்பியிருந்தேன். இன்று பேசினார். முதலில் அவர் பேசுகிறாரா, அலைபேசி கைதவறி அழுத்திவிட்டதா என்று தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

“அப்பாவ அப்படியே கொண்டு வந்துட்டீங்க மேடம். அந்த வெயில் விஷயம்… அம்மாவ நெழல்ல உக்கார வச்சுட்டு அப்பா எடம் மாறுறது. எங்க வீட்ல இப்படி ஒண்ணு நடந்துச்சான்னு எனக்கு முதல்ல நம்பவே முடியல. அப்புறம் யோசிச்சா, திருச்செந்தூர் போறப்ப நானே பாத்திருக்கேன் மேடம். சின்னப் பையன். இப்பத்தான் ஞாபகம் வருது.”

மகிழ்ச்சி என்றேன். எந்த இடத்தைச் சொல்கிறார் என்று அந்தக் கணம் எனக்குப் பிடிபடவில்லை.

வாசித்ததை நினைவு என்று நம்பும் மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 5, வெள்ளி

அந்தப் பத்தி நாற்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

“பேருந்தில் ஏறும் முன் ஒரு கணம் நின்று வானத்தைப் பார்ப்பார். வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கணித்து, உடன் வருபவரை நிழல் பக்கம் உட்காரவைப்பார். பாதை திரும்பி வெயில் அங்கேயும் வந்துவிட்டால், பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமலே எழுந்து நிற்பார். உடன் வருபவர் நகர்ந்து வெளிப்பக்கம் வருவார். சன்னலோரம் இவர் உட்கார்ந்துகொள்வார். ஒரு பயணத்தில் நான்கைந்து முறைகூட இது நடக்கும். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.”

ஓரத்தில் குறி இல்லை.

மொத்தப் பதிவுகளையும் இன்று முதலிலிருந்து கேட்டேன். டிரைவர் சொல்லவில்லை. மகன் சொல்லவில்லை, மகள் சொல்லவில்லை. யார் சொன்னது என்று தெரியவில்லை.

ஜூலை 6, சனி

தெரியும்.

ஜூலை 9, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

ஞானராஜும் நானும் பதினோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் மனைவி இறந்தபோது மகளுக்குப் பதின்மூன்று வயது. மெய்ப்பில் சந்தேகம் வந்தால் கேள்விக்குறி போட்டு அனுப்பமாட்டார். நேரில் வரச் சொல்வார், அல்லது அவர் வருவார். மதுரைக்குத் தாள் பார்க்கப் போனால் பேருந்தில் சேர்ந்து போவோம். புத்தகம் முடிந்தால் சேர்ந்து போவோம். பிறகு எதுவும் முடியாதபோதும் போனோம்.

மகள் கல்யாணம் முடியட்டும் என்றார். சரி என்றேன். முடிந்தது. அவளுக்குப் பிள்ளை பிறக்கட்டும், சம்பந்தி வீட்டில் ஏதாவது சொல்வார்கள் என்றார். அதற்கும் சரி என்றேன். எனக்கும் அவசரம் இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அது உண்மை இல்லை. தனியாக இருக்கும்போதும் என்னை “மேடம்” என்றுதான் கூப்பிடுவார். நான் “சார்” என்பேன். எங்களுக்கு அதில் ஒரு வேடிக்கை இருந்தது.

ஒரு வியாழக்கிழமை அச்சகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு அன்று மாலை தகவல் சொன்னது அச்சக மேலாளர். பாதியில் நிற்கும் மெய்ப்பை யாரிடம் அனுப்புவது என்று கேட்பதற்காகப் பேசினார். அடக்கத்தன்று தேவாலயத்தில் அச்சகத்து ஆட்களோடு ஏழாவது வரிசையில் நின்றேன். மலர்வளையத்தில் “கண்ணீருடன், அச்சக நண்பர்கள்” என்று இருந்தது. மகள் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். “வந்ததுக்கு நன்றி ஆண்ட்டி” என்றாள். நான் அழவில்லை. உடன் வேலை பார்த்தவருக்காக ஒரு பெண் எவ்வளவு அழலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

அதுதான் முதுகுவலி.

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கடிதம் இல்லை. பேசியதெல்லாம் புத்தகங்களைப் பற்றி. மிச்சம் இருப்பது இந்த வெயில் விஷயம் மாதிரி சில. அதில் ஒன்றை எடுத்து முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் எழுதி அனுப்பியிருக்கிறேன். எழுதும்போது அது எனக்குத் தெரியவும் இல்லை.

அந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

நேரில் சொல்வதுதான் முறை என்று சாத்தூர் போனேன். தனபாக்கியம் அம்மா மட்டும் இருந்தார்.

“ராஜவேல் வண்டிக்கு எஃப்.சி. எடுக்கப் போயிருக்கான். ஒக்காரு.”

மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். மடியில் வரைவுத்தாள்கள்.

“எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ நான். எழுத்துக்கூட்டியாவது படிச்சுருவேன். எல்லாம் சரியா எழுதியிருக்க. லாரிக்குப் போனது, மொத வண்டி வாங்குனது, என்னைய ஸ்டாப்புல விட்டுட்டுப் போனது, எல்லாம் நடந்ததுதான். இந்த ஒரு எடம் மட்டும் எங்க வீட்டுல நடக்கல.”

“தெரியும்மா. அதச் சொல்லத்தான் வந்தேன். தப்பு என்னோடது. எடுத்துடறேன்.”

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“நாப்பத்தஞ்சு வருசம் அவுக கூட இருந்தேன். கெட்ட மனுசன் இல்ல. குடிச்சதில்ல, அடிச்சதில்ல. ஆனா எம்மேல வெயில் அடிக்குதா மழ பெய்யுதான்னு அவுகளுக்குத் தெரியாது. பஸ்ஸுல போனா நான் பொம்பளையாளுக சீட்டுல. அவுக முன்னாடி டிரைவருக்குப் பக்கத்துல. எறங்குறப்பத்தான் திரும்பிப் பாப்பாக.” தாளை விரலால் தொட்டார். “இது யாரும்மா?”

“கூட வேலை பார்த்தவர்.”

“கூட வேல பாத்தவுக எந்திரிச்சு எந்திரிச்சு எடம் மாறுவாகளா?”

வெளியே யாரோ பால் குக்கர் விற்றுக்கொண்டு போனார்கள்.

“இருக்காகளா?”

“இல்ல. போன வருஷம் பிப்ரவரியில.”

“கல்யாணம் கட்டிக்கிடலையோ?”

“இல்ல.”

“பேரு என்ன?”

“ஞானராஜ்.”

“வேதக்காரவுகளா, சர்ச்சுக்குப் போறவுகளா?”

“ஆமா.”

“யாருக்காச்சும் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

“ஒண்ணு கேக்கேன். தப்பா நெனைக்காத தாயி. அத எனக்குக் குடுத்துரு.”

எனக்குப் புரியவில்லை என்று நினைத்தோ என்னவோ, மெதுவாக விளக்கினார்.

“எம்மகன் அவுகப்பாவுக்குப் பயந்தே வளந்தவன். செத்த அன்னைக்குக்கூட அழல. எல்லாருக்கும் காப்பி போச்சான்னு பாத்துட்டே திரிஞ்சான். இதப் படிச்சுட்டு என் மடியில வந்து விழுந்து அழுதான். நாப்பத்திமூணு வயசுப் பய. ‘அப்பா உன்னைய இப்படியா வச்சிருந்தாரு, எனக்குத் தெரியாமப் போச்சேம்மா’ன்னு கேக்கான். நான் என்ன சொல்லட்டும்? ஆமான்னு சொல்லிட்டேன். இப்ப நீ எடுத்தா அவன் மறுபடி எங்கிட்டத்தான் வந்து கேப்பான்.”

“முடியாதும்மா” என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. “என்கிட்ட வேற எதுவும் இல்ல.”

அவர் தலையை ஆட்டினார்.

“நியாயந்தான்” என்றார். “எங்கிட்ட வீடு இருக்கு, புள்ளைக இருக்கு, சுவத்துல இம்மாம்பெரிய படம் இருக்கு. ஒங்கிட்டப் போயிக் கேட்டேன் பாரு.”

காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 15, திங்கள்

பத்தியை நீக்கிவிட்டு வேறு எழுதினேன். நேரம் தவறாதவர், குடும்பத்துக்காக உழைத்தவர், பண்டிகைக்கு முதல் நாள் எல்லோருக்கும் துணி எடுத்துத் தருபவர். ஓரத்தில் குறிகள்: ரா.2, செ.1, த.1. திருத்திய பக்கத்தை ராஜவேலுக்கு அனுப்பினேன்.

மாலையில் பேசினார்.

“மேடம், அந்த எடத்தக் காணுமே?”

“சரிபார்க்க முடியல. அதான்.”

“யாரு மேடம் சரிபாக்கணும்? அம்மாவே ஆமான்னுட்டாங்களே.”

நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் அவர் அம்மா பொய் சொன்னவர் ஆவார். அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

“கேட்டேன். எழுதுற அம்மா எடுத்துட்டா எடுத்துட்டதுதான், அதுல நீ தலையிடாதங்குறாங்க. அப்பாகிட்டருந்து எனக்குக் கெடச்ச ஒரே நல்ல விஷயம் மேடம் அது. சரி, ஒங்க இஷ்டம்.”

ஜூலை 16, செவ்வாய்

தனபாக்கியம் அம்மா வாதாடியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூலை 18, வியாழன்

ரேஷன் கடை. மின்கட்டணம். துவைத்து வைத்த போர்வைகளை மடித்தேன்.

பத்தியை எடுத்துவிட்டேன். எடுத்து எங்கே வைப்பது? இந்த நோட்டில் இருக்கிறது. நான் போனபின் வீட்டைக் காலி செய்ய வரும் என் அக்கா மகன் இதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுவான். அதில் அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு நான் எதுவும் சொன்னதில்லை. ஞானராஜின் மகளிடம் சொல்லலாம். சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்பாள். அப்பாவைப் பற்றி அவள் வைத்திருக்கும் கணக்கில் நான் எங்கேயும் இல்லை. உள்ளே போய் உட்கார எனக்கு என்ன உரிமை?

அவரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். இறந்தவர்களின் வாயில் வசனம் வைப்பதை நான் என் தொழிலிலேயே செய்ததில்லை. விட்டுவிட்டேன்.

ஜூலை 24, புதன்

அச்சகத்துக்குப் போனேன். பதினேழு மாதம் ஆகிறது. கடைசி மெய்ப்பை நேரில்தான் பார்ப்பேன் என்று நானாகச் சொல்லியிருந்தேன்.

அதே அறை. மேசையைச் சன்னலிலிருந்து நகர்த்தி ஏ.சி.க்கு நேராகப் போட்டிருக்கிறார்கள். நிவேதா இருபத்தைந்து வயதுப் பெண், காதில் ஒரு பக்கம் மட்டும் பாட்டு. வேகமாக வேலை செய்கிறாள். நன்றாகவும் செய்கிறாள், குறை சொல்ல முடியவில்லை.

“மேம், நாப்பத்தேழாம் பக்கம் ரெண்டு வெர்ஷன் வந்துருக்கு. முதல்ல அனுப்புனதா, அப்புறம் அனுப்புனதா?”

“ரெண்டையும் காட்டுங்க.”

இரண்டையும் திரையில் அருகருகே வைத்தாள். இரண்டாவதில் ஒவ்வொரு வரியும் உண்மை. யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். முதலாவதில் சங்கரபாண்டியன் என்ற பெயரைத் தவிர எல்லாமே உண்மை.

“நான் சொல்லலாமா மேம்? முதல்ல உள்ளது நல்லாருக்கு. படிச்சுட்டு எங்க ஹாஸ்டல்ல எல்லாருக்கும் அனுப்புனேன். இந்த மாதிரி ஒரு ஆளு கெடைக்கணும்டீன்னு ஒரே பேச்சு.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாரி மேம், அனுப்பியிருக்கக் கூடாது” என்றாள்.

“பரவால்ல.”

அவளுடைய விடுதிப் பெண்கள் அவரைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அவரைப் பற்றி யாரும் அவ்வளவு பேசியதில்லை.

“முதல்ல உள்ளதே இருக்கட்டும்” என்றேன்.

என் பொய் என்று தெரிந்தே நான் அச்சுக்குக் கொடுக்கும் முதல் பக்கம். என்னுடைய படியில் மட்டும், அந்தப் பத்திக்கு எதிரே, ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்: ஞா.

வாசலுக்கு வந்து தனபாக்கியம் அம்மாவுக்குப் பேசினேன்.

“இருக்கட்டும்மா. நீங்களே வச்சுக்கோங்க.”

அந்தப் பக்கம் வெகுநேரம் மிக்ஸி ஓடும் சத்தம். யாரையோ அதை நிறுத்தச் சொன்னார்.

“யோசிச்சுத்தான் சொல்லுதியா?”

“ஆமா.”

“பத்தரமா வச்சுக்கிடுவேன்” என்றார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அச்சாகிவிட்டது. நூற்றுப் பதினான்கு பக்கம். ராஜவேலுக்கு இரண்டு பக்கம் கூடுதலாகக் கிடைத்துவிட்டது.

தூத்துக்குடியிலிருந்து ஒருவர் பள்ளி மலர் கேட்டுப் பேசினார். திங்களன்று சொல்கிறேன் என்றேன். எழுதத் தெரிகிறது; அது பற்றி இப்போது சந்தேகம் இல்லை. இருபது புத்தகங்களுக்குப் பின், நானாக எதையும் சேர்க்காமல் எழுதத் தெரியுமா என்பதுதான் சந்தேகம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிக் கொடுத்தவள் வெளியீட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. நேற்று தனபாக்கியம் அம்மா பேசினார். “வரணும்” என்றார்; வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாண மண்டபம். இருநூறு பேராவது இருக்கும். மேடையில் படம், மாலை, புத்தகக் கட்டு. ஆண்கள் நாற்காலிகளில். பெண்கள் ஒரு பக்கம் சமுக்காளத்தில். நடுவில் தனபாக்கியம் அம்மா. நான் அச்சகத்துப் பார்சலோடு வந்த நிவேதாவுக்குப் பக்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

ராஜவேல் நன்றி சொல்லிவிட்டு, ஒரே ஒரு பக்கம் மட்டும் படிக்கிறேன் என்றார். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஒலிபெருக்கி கொஞ்சம் இரைந்தது. “பேருந்தில் ஏறும் முன் ஒரு கணம் நின்று வானத்தைப் பார்ப்பார்” என்று தொடங்கினார். “பேச்சை நிறுத்தாமலே எழுந்து நிற்பார்” என்ற இடத்தில் அவரால் படிக்க முடியவில்லை. செல்வராணி வாங்கி மீதியைப் படித்தாள்.

பெண்கள் பக்கம் ஒருவர் மூக்கைச் சிந்தினார். அது அப்படியே பரவியது. டிரைவர் சுடலைமணி துண்டை வாயில் வைத்துக்கொண்டார். ஞானராஜின் அடக்கத்துக்கு வந்தது அறுபது பேர். இன்றைக்கு இருநூறு பேர் அழுதார்கள். யாருக்காக என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த இருவரில் ஒருத்தி நான். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யம்மா, எழுதுனவளே” என்று குரல் கேட்டது. தனபாக்கியம் அம்மா கையசைத்துக் கூப்பிட்டார். “இங்க வா.”

இந்தப் பக்கத்தில் துட்டி கேட்க வரும் பெண்கள், இழந்தவளுக்கு எதிரே உட்கார்ந்து, தோளில் கைபோட்டு, தலையோடு தலை சாய்த்துக் கட்டி அழுவார்கள். இறந்தபோது வர முடியாதவர்கள் வருடம் திரும்பும்போதாவது வந்து அழுது தீர்ப்பார்கள். உறவுப் பெண்கள் மட்டும். வெளியாட்கள் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது வழக்கம். நானும் கும்பிடத்தான் போனேன்.

அவர் என் கையைப் பிடித்து இழுத்து எதிரே உட்காரவைத்தார். இரண்டு கைகளையும் என் தோளில் போட்டார். அவர் தலை என் தலையில் முட்டியது. தேங்காயெண்ணெயும் விபூதியும் கலந்த வாசனை.

“அழு” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. “இங்க ஒன்னைய யாரும் ஏன்னு கேக்க மாட்டாக.”

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. சத்தமாக அழுதேன் என்று நினைக்கிறேன். அவரும் அழுதார், நாற்பத்தைந்து வருடத்துக்கும் சேர்த்து அழுதாற்போல் இருந்தது. நிமிர்ந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இது யாரு பாக்கியம்? நம்ம ஆளுகள்ல பாத்த மாதிரி இல்லையே. எந்த வழியில சொந்தம்?”

தனபாக்கியம் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கையை விடவில்லை.

“எனக்குத் தங்கச்சி மொற” என்றார். “இவளுக்கும் போன வருசந்தான்.”

அந்த அம்மாள் மேலே எதுவும் கேட்கவில்லை. ஐயோ பாவம் என்பது போல் நாக்கைச் சப்பிவிட்டு, நகர்ந்து, எனக்கு இடம் விட்டார்.